மாமியென்ச்சுன்: நான்கு கதவுப் பாவாடை தைத்த கதை

கடையில் நூற்றைம்பது யுவானுக்கு இந்தச் சீனப் பாவாடை தைத்ததே கிடைக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செலவழித்தது ஆறு வார இறுதிகள், ஒரு எட்டு முழ வேட்டி, மூன்று மெஷின் ஊசி, கொஞ்சம் மானம். ஆனால் இந்த உடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் தைத்ததால் தெரிந்தது. கூகிளில் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட மீதியில் பெரும்பாலும் தப்பு.

நாங்கள் இருப்பது சீனாவின் ஷிஆன் நகரத்தில். இந்த ஊரில் ஹான்ஃபூ, அதாவது ஹான் சீனர்களின் பழங்கால உடை, ஒரு வேடிக்கைப் பொருளே இல்லை. சாயங்காலம் பேருந்தில் ஏறினால் ஆயிரம் வருடத்துக்கு முந்திய தாங் ஆட்சிக் காலத்துக் கொண்டையோடு ஒரு பெண் போனில் நூடுல்ஸ் ஆர்டர் செய்துகொண்டிருப்பாள். 2003 நவம்பரில் ஜங்ஜோ நகரத்தில் வாங் லெதியன் என்பவர் பழைய முறை அங்கியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார், அது செய்தியானது. இன்றைய ஹான்ஃபூ அலையின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். இப்போது அந்த அலை என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நிலாத் திருவிழாவுக்கு வகுப்பில் எல்லாரும் ஹான்ஃபூ போட்டுக்கொண்டு வருகிறார்கள், எனக்கும் ஒரு மாமியென்ச்சுன் வேண்டும் என்றாள் 14 வயது மகள். ஊரிலிருந்து போனில் இதைக் கேட்ட அம்மா, "என்னது, மாமியார் பாவாடையா?" என்றாள்.

மாமியென் என்றால் குதிரை முகம், ச்சுன் என்றால் பாவாடை. மிங் ஆட்சியிலும் (1368–1644) அதற்கடுத்த ச்சிங் ஆட்சியிலும் பெண்கள் கட்டிய பாவாடை. பாவாடைக்கும் குதிரை முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஷிஆனைச் சுற்றி 1370களில் கட்டிய மிங் காலக் கோட்டைச்சுவர் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டருக்கு இன்னும் முழுதாக நிற்கிறது. ஏறக்குறைய 120 மீட்டருக்கு ஒரு இடத்தில் சுவரிலிருந்து ஒரு சதுரப் பாகம் வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். சுவரடியில் ஒட்டி வரும் எதிரியைப் பக்கவாட்டில் இருந்து அம்பால் அடிக்க அந்த அமைப்பு. அதற்குப் பெயர் மாமியென். இரு பக்கமும் கொசுவம் உள்வாங்கி நிற்க, நடுவில் தட்டையான ஒரு பலகை முன்னால் நிற்கும் பாவாடைக்கும் அந்தப் பெயர் பொருந்திப்போனது என்பார்கள். சொல் மட்டும் ஆண்களின் உடை வழியாகவும் வருகிறது. மிங் அரண்மனையில் இருந்த லியூ ருவோயூ என்ற அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்), ஆண்கள் போட்ட ஒரு அங்கியின் கீழ்ப்பாதியை விவரிக்கும்போது "குதிரைமுக மடிப்பு" என்று எழுதியிருக்கிறார்.

சரி, தையலுக்கு வருகிறேன்.

படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது: முன்னால் ஒரு தட்டைப் பலகை, பின்னால் ஒன்று, இரு பக்கமும் கொசுவம், அவ்வளவுதானே, பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாவாடை மாதிரி. முதல் சனிக்கிழமை ஒத்திகைக்காக வீட்டுக்காரரின் வேட்டி ஒன்றை எடுத்தேன். (அவருக்கு இதை எழுதும்வரை தெரியாது. கல்யாண வேட்டி இல்லை, பயப்பட வேண்டாம்.) எட்டு முழ வேட்டி என்பது 3.6 மீட்டர். நடுவில் வெட்டினால் 1.8 மீட்டரில் இரண்டு துண்டு. கரை கீழே வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் தோற்றமும் கிடைத்துவிடும், ஏனென்றால் மாமியென்ச்சுன்னின் அழகே கீழே குறுக்காக ஓடும் கரைகள்தான். முழங்கால் உயரத்தில் ஒன்று, அடியில் ஒன்று. லான் என்று பெயர். ஷான்டோங் அருங்காட்சியகத்தில் கன்ஃபூசியஸ் வம்சத்தார் வீட்டிலிருந்து வந்த மிங் காலப் பாவாடை ஒன்று இருக்கிறது. வெங்காயத்தாள் பச்சையில் மெல்லிய பட்டு, அதில் நெய்த நாகவடிவக் கரைகள். என் வேட்டியில் இருந்தது பச்சையும் சிவப்புமாக இரண்டு விரல் கரை.

இரண்டு துண்டையும் பக்கவாட்டில் ஒட்டித் தைத்து, கொசுவம் பிடித்து, இடுப்பில் நெஃபா வைத்து நாடா கோத்துவிட்டேன். மகள் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மூன்றாவது படியில் 'டர்' என்று சத்தம் கேட்டது.

எதிர் வீட்டில் ஒரு ஆயி இருக்கிறார். சீனத்தில் அத்தை, சித்தி வயதுப் பெண்களை எல்லாம் 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு இந்த ஊரில் முதல் நாளே நாக்கில் ஒட்டிய சொல் அது. நகரின் கிழக்கே 1950களில் எழும்பிய ஜவுளியாலைப் பேட்டையில் தறி பார்த்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பாவாடையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கதவை ஏன் மூடினாய்?"

இங்கேதான் எனக்கு இந்த உடை புரியத் தொடங்கியது. அந்தத் தட்டைப் பலகைக்குப் பெயர் ச்சுன்மென், பாவாடைக் கதவு. வெளியே தெரிவது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆனால் மொத்தம் நான்கு. துணி இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டின் இரு ஓரமும் தட்டையாகக் கதவு, நடுவில் கொசுவம். இரண்டையும் ஒன்றோடொன்று தைப்பதே கிடையாது. ஒரு துண்டின் கதவு இன்னொன்றின் கதவு மேல் முழுதாகப் படிந்து உட்காருகிற மாதிரி வைத்து, இடுப்புப் பட்டையில் மட்டும் சேர்க்க வேண்டும். மற்ற இரண்டு கதவும் கட்டிக்கொள்ளும்போது ஒன்றின் மேல் ஒன்று விழும். ஆக முன்னும் பின்னும் மேலிருந்து கீழ்வரை திறப்பு, ஆனால் உள்ளே இன்னொரு கதவு இருப்பதால் கால் தெரியாது. படி ஏறலாம், சம்மணம் போடலாம், குதிரை மேல் காலைப் போட்டு உட்காரலாம்.

இந்த இரண்டு துண்டுக் கணக்கு மிங் காலத்துக்கும் முந்தியது. 1975இல் ஃபூஜோவில் தோண்டிய ஒரு கல்லறையில் ஹுவாங் ஷெங் என்ற, சோங் ஆட்சிக் காலப் பெண்ணின் உடைப்பெட்டியே கிடைத்தது. 1243இல், 17 வயதில் இறந்தவள். நூற்றுக்கணக்கான துணிமணிகளில் இப்படி ஒன்றன் மேல் ஒன்று படியும் இரு துண்டுப் பாவாடைகளும் இருந்தன. மகளிடம் சொன்னபோது, "என்னைவிட மூன்று வயதுதான் பெரியவளா?" என்றாள். அதற்குப் பிறகு ஒருவாரம் என்னை அவசரப்படுத்தவில்லை.

இரண்டாவது ஒத்திகைக்குக் கணக்கோடு உட்கார்ந்தேன். யாராவது தைக்கப் போவதாக இருந்தால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

மகளின் இடுப்பு 66 செ.மீ. கட்டிய பிறகு இடுப்பைச் சுற்றித் தெரிவது இரண்டு கதவும் இரண்டு கொசுவப் பகுதியும். கடைப் பாவாடைகளில் கதவு 24 செ.மீ. வரை இருக்கும். அதை எடுத்தால் 66இல் 48 போய், மீதி 18ஐ இரண்டாகப் பங்கிட்டால் கொசுவத்துக்குப் பக்கத்துக்கு 9தான். அதற்குள் அவ்வளவு துணியையும் திணிக்க முடியாது. கதவை 18ஆகக் குறைத்தேன்: 36 போக 30, பக்கத்துக்கு 15. இடுப்புப் பட்டையின் நீளம் இடுப்பளவோடு ஒரு கதவு அகலம், அதாவது 84. கட்டும்போது ஏறிப் படிய வேண்டிய கதவுக்காகத்தான் அந்த 18. பிள்ளை வளர்ந்தால் படிவு கொஞ்சம் குறையும், பாவாடை அப்படியே இருக்கும்.

வேட்டித் துண்டு 180. ஓர மடிப்புக்கு இரு பக்கமும் இரண்டரை போனால் 175. கதவுகளுக்கு 36 போனால் 139. அதை 15 செ.மீ.க்குள் அடக்க வேண்டும். எந்த இடத்தில் தொட்டாலும் ஒன்பது அடுக்குத் துணி. அதன் மேல் பட்டையின் துணி வேறு. முதல் ஊசி அங்கே உடைந்து போனது. 14ஆம் நம்பர் ஊசியை 16ஆக மாற்றினேன், அதுவும் கொசுவம் சந்திக்கும் இடத்தில் போனது. கைச்சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் ஒப்பேற்றினேன். போட்டுப் பார்த்தால் இடுப்பின் இரு பக்கமும் ஒரு தலையணையைக் கட்டியது போல இருந்தது. மகளின் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்: "150 போதும்."

இன்னொரு தப்பும் இருந்தது. சேலைக் கொசுவம் பிடித்துப் பழகிய கை. எல்லா மடிப்பையும் ஒரே திசையில் அடுக்கிவிட்டேன். ஆயி வந்து பார்த்தார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "இது எங்கேயோ ஓடப் பார்க்கிறது" என்றார். உண்மைதான், பாவாடை முழுக்க இடப்பக்கமாகச் சுழல்வது போல ஒரு தோற்றம். மாமியென்ச்சுன்னில் முன்கதவின் பக்கத்திலிருந்து வரும் மடிப்புகள் பின்னோக்கிப் படுக்க வேண்டும். பின்கதவிலிருந்து வருபவை முன்னோக்கி. இரண்டும் இடுப்பின் பக்கவாட்டு நடுவில் முகத்தோடு முகம் சந்திக்க வேண்டும். அப்போதுதான் கதவு இரண்டும் நிமிர்ந்து நிற்கும்.

அப்புறம் துணி. பழைய காலத்தில் இதற்கென்று நெய்த பட்டு இருந்தது. நான்ஜிங்கின் யுன்ஜின் பட்டில் பொன்னிழையும் வண்ண இழையும் சேர்த்து நெய்கிறார்கள். உயரமான தறியில் மேலே ஒருவர், கீழே ஒருவர், இருவர் சேர்ந்து வேலை செய்தாலும் ஒரு நாளைக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் நகரும். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை அது. அதைக் கனவிலும் நினைக்காமல், இணையத்தில் பாலியெஸ்டர் ஜக்கார்ட் (தறியிலேயே பூவேலை நெய்த துணி) வாங்கினேன். கருநீலத்தில் பொன்னிற மேகமும் தாமரையும், கரை இரண்டும் நெய்தே வந்தது, 3.2 மீட்டர். ஷான்டோங்கின் சாவ்சியன் மாவட்டத்திலிருந்து வந்திருந்தது. முன்பு மேடை நாடகத்துக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் உடை தைத்துக்கொண்டிருந்த ஊர். இன்று நாட்டின் ஹான்ஃபூவில் கணிசமான பங்கு அங்கேதான் தயாராகிறது.

துணி வந்த அன்று, இடுப்புப் பட்டைக்கு அதே துணியில் வெட்டப் போனேன். ஆயி கையைப் பிடித்தார். பட்டை பருத்தியில்தான் இருக்க வேண்டும், முடிந்தால் வெள்ளை. காரணம் இரண்டு. ஒன்று, பட்டும் பாலியெஸ்டரும் வழுக்கும், பருத்திதான் இடுப்பைப் பிடித்து நிற்கும். இன்னொன்று சொல் விளையாட்டு. பட்டைக்குப் பெயர் 'பாவாடையின் தலை'. தலை வெள்ளையாக இருந்தால், தலை நரைக்கும் வரை சேர்ந்திருங்கள் என்ற கல்யாண வாழ்த்து ஆகிவிடும். "இவளுக்கு அந்த வாழ்த்து இப்போதைக்கு வேண்டாம் ஆயி" என்றேன். "அப்படியானால் வழுக்காமல் இருக்க மட்டும்" என்றார். வேட்டியில் மிச்சம் இருந்த துண்டிலிருந்தே வெள்ளைப் பட்டை வெட்டினேன். நாடாவும் அதிலேயே, பக்கத்துக்கு 110 செ.மீ.

3.2 மீட்டரில் 150 வீதம் இரண்டு துண்டு போக 20 செ.மீ. மிச்சம். அதை இஸ்திரிச் சோதனைக்கு வைத்திருக்க வேண்டும். இந்த வரியை நான் தடித்த எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் எனக்கு மீன்செதில் பைத்தியம் பிடித்திருந்தது. ச்சிங் காலப் பிற்பகுதியில் கொசுவத்தை விரற்கடை அகலத்துக்கும் சின்னதாக மடித்து, அடுத்தடுத்த மடிப்புகளை மாற்றி மாற்றி ஒவ்வொரு நூல் முடிச்சால் பிடித்து வைத்தார்கள். நடக்கும்போது மடிப்புகள் விரியும், ஆனால் முடிச்சு பிடிப்பதால் முழுதாக விரியாமல், கெண்டைச் செதில் போலத் திறந்து மூடும். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த 20 செ.மீ. துண்டில் செய்து பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குச் செதில் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பாவாடை முழுக்க இதைச் செய்த பெண்களை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாதாரண மடிப்புக்கே திரும்பினேன்.

புதிய கணக்கு: 150இல் ஓர மடிப்பு போக 145, கதவுகள் போக 109. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து மடிப்பு. 109ஐப் பத்தால் வகுத்தால் 10.9, அதில் வெளியே தெரிவது 1.5, உள்ளே மறைவது 9.4. சாக்கால் ஒவ்வொன்றாக அளந்தால் மில்லிமீட்டர்கள் சேர்ந்து கடைசி மடிப்பில் பழி வாங்கும். பார்சல் அட்டையில் சரியாக 10.9 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதை நகர்த்தி நகர்த்திக் குறித்தேன். மேலேயும் கீழேயும் குறிக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பு கீழே போகப் போகச் சாயும். அடி ஓரத்தைத் தைக்க வேண்டிய வேலையே இல்லை. துணியின் கரையோரமே பாவாடையின் அடி. நீளம் 92, கூடுதலை மேலே, பட்டைப் பக்கத்தில்தான் வெட்டினேன். கீழே கை வைத்தால் கரை போய்விடும்.

நான்காவது ஞாயிறு அது நடந்தது. இரண்டாவது துண்டின் இடது ஓரத்தை மடித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முதல் துண்டுக்கு மேலே ஒரு ஈரத்துணி விரித்துத்தான் போட்டேன். இதற்கு, 'ஓரம்தானே' என்று நேராக வைத்துவிட்டேன். பொன்னிழை என்று நாம் சொல்லுவது இதில் மெல்லிய பிளாஸ்டிக் படலம். சூடு பட்டதும் சுருங்கியது. அடிக்கரைக்குச் சற்று மேலே, ஓரத்திலிருந்து பத்து செ.மீ. உள்ளே, ஒரு தாமரை அப்பளம் மாதிரிப் பொரிந்து நின்றது. இஸ்திரிப் பெட்டி முக்கோணமாக முத்திரை வைத்திருந்தது. சோதனைத் துண்டோ செதில் செதிலாக மேஜையில் கிடந்தது.

புதுத் துணி வாங்க நாள் இல்லை. ஒட்டுப் போட்டால் அசிங்கம். ஆயியைக் கூப்பிட்டேன். அவர் அந்தப் பொரிந்த தாமரையைத் தடவிப் பார்த்தார், துண்டை எடுத்து மேஜையில் வலப்பக்கமாக வைத்தார், மற்ற துண்டை எடுத்து அதன் மேல் ஒரு கதவு அகலம் ஏற்றிப் படிய வைத்தார். தாமரை காணாமல் போய்விட்டது.

நான்கு கதவில் இரண்டு உள்ளே போய்விடுகின்றன அல்லவா? அதில் ஒன்று, கட்டும் பக்கத்தில், எது மேலே எது கீழே என்பது கட்டுபவர் விருப்பம். ஆனால் பட்டையில் தைத்த பக்கத்தில் அடியில் போன கதவு நிரந்தரமாக அடியிலேயே இருக்கும். இரண்டு துண்டும் ஒரே அச்சு என்பதால் எதை வலப்பக்கம் வைத்தாலும் ஒன்றுதான். ச்சிங் காலப் பாவாடைகளில் வெளிக்கதவு முழுக்கப் பூவேலை செய்து இழைத்திருப்பார்கள். உள்கதவை வெறுமையாகவோ பேருக்கு ஏதோ தைத்தோ விட்டிருப்பார்கள். கண்ணில் படாத இடத்துக்கு எதற்கு உழைப்பு என்ற கணக்கு. எத்தனை உள்கதவுகளுக்குள் எத்தனை பேருடைய பொரிந்த தாமரைகள் இருந்தனவோ என்று எனக்கு அப்போது தோன்றியது. நம் பக்கத்து டெய்லர்கள் கறைபட்ட இடத்தைக் கொசுவத்துக்குள் தள்ளுகிற அதே புத்திதான்.

அடுத்த தொல்லை, மடிப்பு நிற்கவில்லை. குறைந்த சூட்டில் ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டால் பொன்னிழை பிழைக்கிறது, ஆனால் மடிப்பு அரை மணியில் சோம்பல் முறிக்கிறது. சூட்டைக் கூட்டவும் பயம். இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது ஹான்காரர்களின் முறை இல்லை. தென்சீன மலைப்பகுதிச் சிறுபான்மையினரான மியாவ் மக்களுடையது.

போன வருடம் குய்ஜோ மாகாணத்துக்குப் போயிருந்தோம். அங்கே மியாவ், தோங் மக்களின் தன்னாட்சிப் பகுதிக்குத் தலைநகரின் பெயர் கைலி. (நம்மூர்க்காரர் யாராக இருந்தாலும் அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் நின்று போட்டோ எடுக்காமல் வரமாட்டார்.) அங்கே சந்தையில் ஒரு பாட்டி விற்ற மடிப்புப் பாவாடையைப் பார்த்தேன். அவுரி மாதிரியான நீலச்சாயம். அவர்கள் எடுப்பது வேறு செடி, ஆனால் சாயம் அதே நீலம்தான். பாவாடை விரிந்து கிடக்கவில்லை. நீளவாக்கில் ஒரு துடைப்பக்கட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. மடிப்புகள் எண்ணி மாளாது, ஒவ்வொன்றும் நூல் கனம். அவற்றின் ஊடாகக் குறுக்கே வரிவரியாக நூல் ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சி மாதிரியான பசையில் துணியை விறைப்பாக்கி, விரல் நகத்தால் மடித்து, நூல் ஓட்டி இறுக்கிக் கட்டி வைத்துவிடுகிறார்கள். போட்டுக்கொள்ளும்போதுதான் நூலை உருவுவார்கள். கழற்றியதும் திரும்பவும் கட்டு. சூட்டில் ஒரு நாளில் முடிக்கிற வேலையை அவர்கள் மாதக்கணக்கில் காலத்திடம் விட்டுவிடுகிறார்கள்.

அதையே செய்தேன். பட்டைக்கு அடியில் ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று, முழங்கால் கரைக்கு மேலே ஒன்று, அடிக்கு மேலே ஒன்று என்று நான்கு வரிசை ஓட்டுத்தையல், எல்லா அடுக்கையும் துளைத்து, வெள்ளை நூலில். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து தெளித்து, மெல்லிய சூட்டில் துணி வைத்து ஒரு அழுத்து. அப்புறம் இறுகச் சுருட்டி, பழைய நீளக் காலுறை ஒன்றுக்குள் நுழைத்து அலமாரியில் பத்து நாள். மகள் தினமும் அந்தக் காலுறையைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். "இது பாம்பு மாதிரி இருக்கும்மா."

கடைசி வாரம் பட்டை. வெள்ளைப் பருத்தியை இரட்டையாக மடித்து, உள்ளே ஒரு கெட்டித் துணி வைத்து, பாவாடையின் மேலோரத்தைச் சாண்ட்விச் போட்டுத் தைத்தேன். இந்த முறை அடுக்கு ஏழுதான், 16ஆம் நம்பர் ஊசி கதவு வரை நன்றாகவே வந்தது. மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது ஊசியும் போனது. 18 போட்டேன், முடிந்தது. முன்கதவின் நடுவில் தாமரை சரியாக நடுவில் விழ வேண்டும். எனக்கு மூன்று செ.மீ. தள்ளி நிற்கிறது. ஆயியைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. ஆயி கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார், அதுதான் வலித்தது.

நூலை உருவியபோது மடிப்புகள் கத்தி மாதிரி நின்றன. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கோரைப்பாயை மெதுவாகப் பிரிப்பது போல ஒரு ஓசை.

வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஆயியிடம் நிறையக் கதை கேட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், பாவாடை பிழைத்து வந்த கதை. 1644இல், ச்சிங் ஆட்சியை நடத்திய வடகிழக்கு இனத்தாரான மஞ்சுக்கள் பெய்ஜிங்கைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே ஆண்கள் எல்லாரும் முன்தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும், மஞ்சு முறை உடைக்கு மாற வேண்டும் என்று கட்டளை. மறுத்தவர்களுக்குத் தலை போனது. பெண்களை அந்த அளவு நெருக்கவில்லை. அதனால் ஒரே தெருவில் மஞ்சுப் பெண்கள் உச்சி முதல் பாதம் வரை ஒற்றை அங்கியிலும், ஹான் பெண்கள் மேலே சட்டை, கீழே மாமியென்ச்சுன் என்றும் இருந்தார்கள். மிங் ஆணின் உடை மறைந்தது. பெண்ணின் பாவாடை இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஓடி, 20ஆம் நூற்றாண்டில் ச்சிபாவ் என்ற, உடம்போடு ஒட்டிய ஒற்றை உடை வந்த பிறகுதான் ஒதுங்கியது. 2022 ஜூலையில் டியோர் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனம் இதே அமைப்பில் ஒரு கறுப்புப் பாவாடையை 29,000 யுவானுக்குத் தன் பாணி என்று விற்றதும், சீன மாணவர்கள் பாரிஸில் அந்தக் கடை முன்னால் நின்று போராடினார்கள். அந்தச் செய்திக்குப் பிறகுதான் சாதாரணச் சட்டையோடும் ஸ்வெட்டரோடும் இதைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற பெண்களை நான் அதிகம் பார்க்கத் தொடங்கினேன். என் மகள் கேட்டதும் அப்படித்தான்: மேலே வெள்ளைச் சட்டை, கீழே இது.

கட்டுகிற விதம்: தைத்த படிவு முதுகுப் பக்கம், இரு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து ஒரு கதவு அகலம் ஏற்றி, நாடாக்களைப் பின்னால் கொண்டுபோய் மாற்றி, முன்னால் கொண்டுவந்து முடிச்சு. சிலர் இதைத் திருப்பிக் கட்டுகிறார்கள். வேட்டி கட்டத் தெரிந்த வீட்டுக்காரர் முதல் தடவையிலேயே முடிச்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நான்கு தடவை.

திருவிழாவுக்கு மறுநாள் கோட்டைச்சுவர் மேல் வாடகைச் சைக்கிள் ஓட்டப் போனோம். உண்மையான சோதனை அதுதான் என்று மகளே சொன்னாள். இரு பக்கமும் பாவாடை விழ, முன்னும் பின்னும் கதவு பிரிய, காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு மாமியென் தூரம் போய்த் திரும்பி வந்தாள். ஒன்றும் கிழியவில்லை. காற்றில் பின்கதவு தூக்கியபோது பொரிந்த தாமரை ஒரு நொடி வெயிலில் மின்னியது, எனக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த தடவை கதவின் அடி ஓரத்தில், உள்பக்கம், ஒரு சின்னக் கனம் வைத்துத் தைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

வேட்டிப் பாவாடை மூலையில் கிடந்தது. ஆயி கேட்டார், கொடுத்தேன். இரண்டு பக்கமும் மடிப்பைப் பிரித்து, கூடுதல் துணியை வெட்டி, தன் இடுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். அவர் வேலை என்பதால் இப்போது கொசுவம் தலையணை மாதிரி இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்பு வாசலில் ஒலிபெருக்கி வைத்து ஆடுகிற பாட்டிமார் கூட்டத்தில், இரண்டாவது வரிசையில், பச்சை சிவப்புக் கரையோடு ஒரு வெள்ளைப் பாவாடை சுழல்கிறது. வீட்டுக்காரர் நேற்று பால்கனியில் நின்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.